பள்ள மேம்பாட்டுத் திட்டம்

ரொட்டிக்காரர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பூங்காவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று நகராட்சியில் போய்ச் சொன்னார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஊரே அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தது. நடைபாதை வளையும் இடத்தில் சிமென்ட் பலகை ஒன்று உடைந்து உள்ளே இறங்கி, ஒரு வாளியை வைக்கிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. இளவட்டங்கள் தாண்டிக் குதித்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் பெண்கள் வண்டியைப் புல்லில் இறக்கி மறுபடி பாதையில் ஏற்றினார்கள். யாருக்கும் பெரிய குறை இல்லை. ஆனால் ரொட்டிக்காரருக்கு ஒரு மாமனார் இருந்தார்.

மாமனார் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். காலமெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைச் சுற்றியவர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பியபோது, தினமும் நடக்காவிட்டால் கால் மடங்காமல் கட்டையாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெருவில் நடக்க மாமனார் மறுத்துவிட்டார். ரோட்டில் எவன் எப்படி வண்டி ஓட்டுவான் என்று தனக்குத் தெரியும் என்பது அவர் வாதம். அதை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவரும் அப்படித்தான் ஓட்டியிருந்தார்.

ஆகவே பூங்கா. ரொட்டிக்காரருக்கு அடுப்பு வேலை முற்பகலோடு முடிந்துவிடும். அவர் மனைவி நர்ஸ். சாயங்காலம் அவளுக்கு வார்டு. மாமனாரை நடக்கக் கூட்டிப்போகிற பொறுப்பு இப்படியாக மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது. பெண் கேட்டு வந்த நாளில், ஊர் தூங்கும் நேரத்தில் எழுந்து வேலைக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர் மாமனார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியதில்லை. பூங்காவில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதை, பேருந்திலேயே பிறந்த குழந்தையின் கதை என்று மாமனார் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார். வளைவு வந்தால் கையை நீட்டுவார். மாப்பிள்ளை தோளைக் கொடுப்பார். பள்ளத்தைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

ஒருநாள் கதை சுவாரஸ்யத்தில் கையை நீட்ட மறந்துவிட்டார். கால் பள்ளத்துக்குள் போய்விட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. ரொட்டிக்காரர் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அன்றுதான்.

மறுநாளே ரொட்டிக்காரர் ஒரு சாக்கு செங்கலைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு வந்தார். பழைய அடுப்பை இடித்த செங்கல், ரொட்டிப் பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். வெளிப்பொருளை உள்ளே கொண்டுபோகக் கூடாது, பள்ளம் நகராட்சியின் சொத்து, அதைத் தொடுவதானால் அங்கே அனுமதி வாங்கி வர வேண்டும் என்றார். காவலாளி நல்ல மனிதர்தான். தன் வேலைக்குப் பயந்தவர்.

நகராட்சி முகப்பில் இருந்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சாலையில பள்ளம்னா சாலைப் பிரிவு பாக்கும். குழாய் உடைஞ்சா தண்ணிப் பிரிவு. பூங்காவுல பள்ளம்னு எங்ககிட்ட எதுவும் இல்லைங்க. பூங்காவுக்கு மேம்பாடு மட்டும்தான் இருக்கு."

"சரி, அதுலயே போட்டுக்குங்க" என்றார் ரொட்டிக்காரர்.

பின்னாளில் பல தடவை இதை நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, பூங்கா மற்றும் பொழுதுபோக்கு வசதிகள் மேம்பாட்டுத் திட்டத்தின் கலந்தாய்வுக் கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். கூட்டம் பூங்காவை ஒட்டிய சமூகக் கூடத்தில் நடந்தது. அங்கே தினமும் மேஜைப்பந்து ஆடும் பிள்ளைகளை, பொழுதுபோக்கு வசதிகளைப் பற்றி விவாதிக்க வேண்டியிருப்பதால் வெளியே போகச் சொல்லியிருந்தார்கள். ஆட்ட மேஜைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த மேஜைகள் அதற்குப் பிறகு விரிக்கப்படவே இல்லை, ஏனென்றால் கலந்தாய்வு முடியவே இல்லை.

கூட்டத்தை நடத்தியவர் ஓர் ஆலோசகர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். அதைத் தவிர அவர் உடல் உழைப்பு எதிலும் ஈடுபட்டதாகத் தெரியவில்லை. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். மனதில் ஒரு கனவுப் பூங்காவைக் கொண்டுவந்து, அதற்குள் மெல்ல நடந்து போகச் சொன்னார். ரொட்டிக்காரர் அதிகாலையில் எழுந்தவர். கண்ணை மூடியதும் தூங்கிவிட்டார். தோளைத் தட்டி எழுப்பி, என்ன பார்த்தீர்கள் என்று ஆலோசகர் கேட்டார்.

"பள்ளம்ங்க" என்றார் ரொட்டிக்காரர். "நடைபாதையில இருக்கு. அதை மூடணும்."

ஆலோசகர் முகம் மலர்ந்தது. "பள்ளம். அருமை. இது வெறும் பள்ளம் இல்லை, பாருங்க. இது ஒரு ஆழம். மழை பேஞ்சா அதுல தண்ணி நிக்குமா?"

"நிக்கும். அதனாலதான் பள்ளம் இருக்கிறதே தெரியறதில்லை."

"அப்போ நீர்நிலை" என்று ஆலோசகர் பலகையில் எழுதி, நீல நிறத்தில் ஒரு வட்டம் போட்டார். வந்திருந்த எல்லோருக்கும் ஆளுக்குச் சில வண்ணப் பொட்டுகள் கொடுத்து, எந்த யோசனை பிடிக்கிறதோ அதன் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்கள். நீல வட்டம் அழகாக இருந்ததால் நிறையப் பேர் அதிலேயே ஒட்டிவிட்டார்கள். மூடச் சொன்ன பள்ளம் அன்று சாயங்காலம் பெரும்பான்மை ஆதரவோடு பாதுகாக்கப்பட வேண்டிய நீர்நிலை ஆகிவிட்டது. ரொட்டிக்காரர் எழுந்து, தான் சொன்னது அதுவல்ல என்றார். கருத்துச் சொல்லும் நேரம் முடிந்துவிட்டது, இது கருத்துகளைக் கொண்டாடும் நேரம் என்றார் ஆலோசகர். எல்லோரும் கை தட்டினார்கள். தேநீர் வந்தது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னார். மாமனார் முழங்காலை நீவிக்கொண்டே கேட்டார். பிறகு, தன் பேருந்துக்குப் புது டயர் கேட்டபோது ஓட்டுநர்களுக்கு யோகா வகுப்பு வைத்தார்கள் என்றார்.

அடுத்து வந்தது பயன்பாட்டு ஆய்வு. மக்கள் பூங்காவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் மேம்படுத்த முடியாதல்லவா? ஆய்வு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அது முடியும்வரை பூங்காவை மூடிவிட்டார்கள். மக்கள் உள்ளே நடமாடினால் அளக்கிறவர்களுக்கு இடைஞ்சல். வாசலுக்குப் பூட்டு போட்டு, உள்ளே ஒரு குடைக்குக் கீழே ஒரு பெண்ணை உட்காரவைத்து, வருகிறவர்களை எண்ணச் சொன்னார்கள்.

வந்தவர் மாமனார் மட்டும்தான். பின்பக்க வேலியில் ஒரு சந்து இருந்தது. ஓட்டுநராக இருந்தவருக்குச் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்து உள்ளே வந்து, தன் சுற்றை நடந்து முடித்து, போகும்போது நகராட்சியைத் தாராளமாகத் திட்டிவிட்டுப் போவார். மாப்பிள்ளை வேலிக்கு வெளியே நின்றுகொள்வார். அவருடைய தொப்பைக்குச் சந்து போதவில்லை. குடைக்குக் கீழே இருந்த பெண் கடமை தவறாதவள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

ஆய்வின் முடிவுகள் அதே கூடத்தில் வாசிக்கப்பட்டன. பூங்காவைப் பயன்படுத்துகிறவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் எழுபது வயதைக் கடந்த ஆண்கள். அனைவருக்கும் இடது முழங்காலில் பிரச்சினை. அவர்களின் விருப்பமான பொழுதுபோக்கு, உரத்த குரலில் கருத்துச் சொல்வது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இந்தப் பூங்காவில் ஆர்வம் இல்லை என்பது வருத்தத்தோடு பதிவு செய்யப்பட்டது. பின்வேலிச் சந்து மக்கள் விரும்பும் நுழைவாயில் என்று கண்டறியப்பட்டதால், அதை முறையாக மேம்படுத்தும்வரை கம்பி வைத்து அடைத்துவிட்டார்கள்.

அதோடு மாமனாரின் நடை நின்றது.

முதலில் வீட்டுக்குள் நடந்து பார்த்தார். வாசலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து வாசலுக்கு. அங்கே திருப்புவதற்கே இடம் இல்லை, இது நடை இல்லை, வண்டியைப் பின்னால் எடுக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கதைகளும் நின்றுபோயின. ரொட்டிக்காரர் மாலையில் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தால் மாமனார் ஜன்னல் ஓரம் இருப்பார். இரண்டு பேரும் பழையபடி முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் தேநீர் குடிப்பார்கள்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அப்பாவுக்குக் கால் மடங்கலைங்க. செருப்பு மாட்டிவிடச் சொல்லி இன்னைக்கு என்னைக் கூப்பிட்டார். அவர் யாரையும் கூப்பிடறவர் இல்லை."

மறுநாள் அடுப்பு வேலை முடிந்ததும் ரொட்டிக்காரர் தூங்கப் போகவில்லை. மாவு படிந்த சட்டையோடு நேரே மேம்பாட்டுப் பிரிவுக்குப் போனார்.

மேம்பாட்டு அலுவலர் நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அவர் அறையில் பூங்காவின் மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குட்டி மரங்கள், குட்டி பெஞ்சுகள், கைகோத்து நிற்கும் குட்டி மனிதர்கள். வளைவில், நீல நிற மெழுகு ஊற்றி, பள்ளம். அதற்கு மட்டும் தனியாக ஒரு விளக்கு போட்டிருந்தார்கள்.

ரொட்டிக்காரர் கெஞ்சித்தான் கேட்டார். திட்டம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், பள்ளத்தை மட்டும் இப்போது மூடிவிட்டு வாசலைத் திறந்துவிடுங்கள், ஒரு பெரியவர் நடக்க வேண்டும் என்றார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தத் திட்டம் எதனால வந்தது? நீங்க சொன்ன பள்ளத்தால. இந்தப் பிரிவுல இத்தனை பேர் வேலை பாக்கறோம், ஆலோசகர் இருக்கார், ஆய்வு நடக்குது. எல்லாத்துக்கும் அடிப்படை அந்தப் பள்ளம்தான். அதைப் போய் மூடிட்டா, நாங்க எதை மேம்படுத்தறதுங்க?"

ரொட்டிக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் எரிந்த அந்த விளக்கைப் பார்த்தார். கோபம் வந்தால் கத்திவிடலாம். அந்த அம்மா நிஜமாகவே இவர் பதிலுக்காகக் காத்திருந்தது போல் இருந்ததுதான் அவரை அடித்துப்போட்டது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் செங்கல் சாக்கை மறுபடி தூக்கினார். பள்ளம் போய்விட்டால் திட்டமும் போய்விடும், வாசல் தானாகத் திறந்துவிடும் என்பது அவர் கணக்கு. பட்டப்பகல். வாசலில் காவலாளி இல்லை. பூங்காவுக்கு வருகிறவர்களை இன்முகத்தோடு வரவேற்பது எப்படி என்ற பயிற்சிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். ரொட்டிக்காரர் சாக்கை உள்ளே போட்டுவிட்டு, தொப்பையைத் திட்டிக்கொண்டே வாசல் கதவில் ஏறிக் குதித்தார். செங்கலை உடைத்துப் பள்ளத்தில் நிரப்பி, மேலே மண்ணைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மாவைத் தட்டுவது போல உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். ஒரு ரொட்டி வேகிற நேரம்கூட ஆகவில்லை. எழுந்து அதன்மேல் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

அந்த வாரமே வேறொரு ஊர் நகராட்சியிலிருந்து ஒரு குழு வந்தது. மக்கள் பங்கேற்போடு ஒரு நீர்நிலையைப் பாதுகாத்த முன்மாதிரியைப் பார்த்துப் போக வந்திருந்தார்கள். ஆலோசகர் அவர்களை வளைவுக்கு அழைத்துப்போய், கையை நீட்டிக் காட்டி, அப்படியே நின்றுவிட்டார். பள்ளத்தைக் காணவில்லை.

விசாரணை வைத்தார்கள். யார் செய்தது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ரொட்டிக்காரரே போய்ச் சொல்லிவிட்டார். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நகராட்சித் தலைவர், அலுவலர், ஆலோசகர். இந்தப் பக்கம் ரொட்டிக்காரர் மட்டும். தலைவர் பருத்த மனிதர். யாரைப் பார்த்தாலும் கூட்டத்தைப் பார்ப்பது போலப் பேசுவார்.

"பூங்காவை நீங்க மேம்படுத்தினது உண்மையா?"

"பள்ளத்தை மூடினேன்."

"யாருடைய ஒப்புதலும் இல்லாம."

"கேட்டேன். கொடுக்கலை."

"கொடுக்கலைன்னு சொல்லாதீங்க. பரிசீலனையில இருக்கு" என்றார் அலுவலர், மனம் புண்பட்டவராக.

தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, இவ்வளவு காலமா இந்தப் பூங்காவை நாங்க கண்ணும் கருத்துமாப் பாதுகாத்தோம். ஒரு ஆளை உள்ள விடலை. ஒரு புல்லு மிதிபடலை. ஒரு பெஞ்ச்ல ஒருத்தர் உக்காரலை. நீங்க ஒரே நாள்ல உள்ள புகுந்து, அதைப் பயன்படுத்தற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டீங்க. இப்படி ஆளாளுக்கு ஆரம்பிச்சா நகராட்சின்னு ஒண்ணு எதுக்கு?"

ரொட்டிக்காரருக்கும் அதே கேள்வி இருந்தது. ஆனால் அது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி இல்லை என்று புரிந்துகொண்டார்.

தீர்ப்பு, சட்டவிரோத மேம்பாடு. தண்டனை, பள்ளத்தைப் பழைய நிலைமைக்கே கொண்டுவர வேண்டும். அகலம், ஆழம் எதுவும் மாறக் கூடாது.

"தோண்டச் சொல்றீங்களா?" என்றார் ரொட்டிக்காரர்.

"மீட்டெடுக்கச் சொல்றோம்" என்றார் ஆலோசகர்.

இதற்குள் அலுவலருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. திட்டம் ஆரம்பித்ததிலிருந்து பூங்காவில் ஒரு வேலையும் நடக்கவில்லை என்று மேலிடத்தில் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். தோண்டுவதும் வேலைதானே? தலைவரின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் ரொட்டிக்காரரை முதல்முறையாகப் பிரியத்தோடு பார்த்தார்.

அப்படித்தான் தண்டனை விழாவானது. மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் கட்டப் பணி தொடக்க விழா. மேடை, பந்தல், ஒலிபெருக்கி, வரிசை வரிசையாக நாற்காலிகள். விழாவுக்கு ஆள் வேண்டுமே என்று பூங்காவின் வாசலைத் திறந்து, பொதுமக்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். பயிற்சி முடித்து வந்திருந்த காவலாளி வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து அவர் கையிலேயே இருந்தது. தலைவர் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

ரொட்டிக்காரர் எல்லோர் முன்னிலையிலும் வளைவில் நின்று தோண்டினார். மண்வெட்டிக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு செங்கலாக எடுத்து வெளியே வைக்கும்போது புகைப்படம் எடுத்தார்கள். அலுவலர் அளவு நாடாவைப் பிடித்து ஆழம் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். ரொட்டிக்காரரின் காது மடல் அவமானத்தில் எரிந்தது. தான் தட்டித் தட்டிச் சமன் செய்த மண்ணைத் தானே வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிகளில் தெருக்காரர்கள் இருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைவர் பேசத் தொடங்கினார். மற்ற நகரங்கள் பள்ளங்களை மூடிக்கொண்டிருக்கும்போது நாம் ஒரு பள்ளத்தைத் திறந்துவைக்கிறோம் என்றார். கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

அப்போதுதான் மாமனார் உள்ளே வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை மகளின் தோளில். விறைத்த காலை இழுத்து இழுத்து வந்தார். காவலாளி பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நல்வரவு என்றார். மாமனார் நாற்காலிகளின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே நடைபாதைக்குப் போய் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வளைவுக்கு வந்தபோது மாப்பிள்ளையைப் பார்த்தார். குழிக்குள் முழங்காலெல்லாம் மண்ணோடு நின்றிருந்த மாப்பிள்ளை மண்வெட்டியை வைத்துவிட்டு மேலே வந்தார். மாமனார் கையை நீட்டினார். மாப்பிள்ளை தோளைக் கொடுத்தார். பள்ளத்தைச் சுற்றி, புல்லில் இறங்கி, மறுபடி பாதையில் ஏறினார்கள்.

தள்ளுவண்டியோடு வந்திருந்த ஒரு பெண் நாற்காலியிலிருந்து எழுந்து அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். மேஜைப்பந்துப் பிள்ளைகள் புல்லில் ஓட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளில் அலுவலரும் ஆலோசகரும்தான் மிச்சம். தலைவர் எதையும் கவனிக்கவில்லை. அவர் எப்போதும் போலக் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்று முடிந்தது. மாமனாருக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. கால் லேசாக, மிக லேசாக மடங்கத் தொடங்கியிருந்தது. மகள் நின்று அதைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேடையில் தலைவர், இத்துடன் என் சிற்றுரையை நிறைவு செய்கிறேன் என்றார். வாசலில் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கி, சரியான சாவியைத் தேடினார்.

"போதுமா மாமா?" என்றார் ரொட்டிக்காரர்.

"அந்த மலைப்பாதைக் கதையில கடைசியில என்ன ஆச்சுன்னு உங்களுக்குச் சொல்லவே இல்லையே மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

ரொட்டிக்காரர் மாமனாரின் கையை எடுத்து மனைவியின் தோளில் வைத்தார். கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டே மேடையை நோக்கி விரைந்தார். தலைவர் ஒலிவாங்கியைக் கீழே வைக்கப்போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் ரொட்டிக்காரர், கைகளைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பணிவோடு. "இந்தத் திட்டத்தோட நோக்கம் எங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சரியாப் புரியலை. ஆரம்பத்துலேருந்து கொஞ்சம் விரிவாச் சொல்ல முடியுங்களா?"

தலைவரின் முகத்தில் விளக்குப் போட்டது போல வெளிச்சம் வந்தது. தண்ணீர் ஒரு மடக்கு குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியை மறுபடி எடுத்தார். வாசலில் காவலாளி சாவிக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். பாதையில் மாமனார் இரண்டாவது சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.